மேத்யூ பாட்டும் டேவிட்சன் ரூமும்

இனிமேல் அந்த ரூம் பேச்சே இந்த வீட்டில் எழக்கூடாது என்று டேவிட்சன் முடிவு செய்தது ஒரு சனிக்கிழமை காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது. பெரிய முடிவுகளை அவர் எப்போதும் வாஷ்பேசின் முன்னால்தான் எடுப்பார். அங்கே எதிர்த்துப் பேச ஆள் கிடையாது. வாயில் நுரை இருப்பதால் அவராலும் சத்தமாகச் சொல்ல முடியாது. குடும்பத்தில் அமைதி வேண்டுமானால் முடிவுகளை இப்படித்தான் எடுக்க வேண்டும்.

ஹைதராபாத் பக்கம் திருமுல்கேரியில் அவர்களுடையது பழைய வீடு. கீழே டேவிட்சனும் அவர் மனைவி ஹில்டாவும். மாடியில் மேத்யூ என்று ஒரு நாகர்கோவில் பையன் குடியிருந்தான். மாதாப்பூரில் சாப்ட்வேர் வேலை. கல்யாணம் ஆகவில்லை, அதனால் நிறைய நேரம் இருந்தது. கீழ்வீட்டு வராந்தாவை ஒட்டி ஒரு ரூம். அது மகள் ஜெனிட்டாவுடையது. அவள் வேலை கிடைத்து பெங்களூர் போன அன்று ஹில்டா அழுது முடித்துக் கண்ணைத் துடைப்பதற்குள் டேவிட்சனின் கம்ப்யூட்டர் மேஜை உள்ளே போய்விட்டது. சண்டை அன்றைக்கு ஆரம்பித்ததுதான்.

ஹில்டாவுக்கு அந்த ரூம் வேண்டும். அவள்தான் சர்ச்சில் கொயர் லீடர். சின்னப் பிள்ளைகளுக்கு வீட்டில் பாட்டுக் கிளாஸ் எடுக்கிறாள். இடமில்லாமல் கிளாஸ் அடுக்களையில் நடந்துகொண்டிருந்தது. குக்கர் விசில் எப்போதும் பாட்டுக்கு அரை சுருதி மேலே அடித்தது. பிள்ளைகள் ஹில்டாவை விட்டுவிட்டு விசிலைப் பிடித்துக்கொண்டார்கள். போன ஈஸ்டருக்கு அவர்கள் பாடியதைக் கேட்டு, சாதம் வெந்துவிட்டதோ என்று பாதிச் சபைக்குப் பசி எடுத்துவிட்டது.

டேவிட்சனுக்கு அந்த ரூம் எதற்கு? அது கொஞ்சம் நீளமான கதை. அந்த வருஷங்களில் ஹைதராபாத்தில் வாயும் வயிறும் உள்ள எல்லாரும் அமீர்பேட்டுக்குப் போய் ஏதாவது ஒரு கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்தார்கள். ரயில்வே கணக்கு ஆபீசில் சௌக்கியமாக உட்கார்ந்திருந்த டேவிட்சனுக்கும் ஆசை விடவில்லை. ஜாவா படிக்கச் சேர்ந்தார். ஜாவா அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. ஆனால் பக்கத்து பெஞ்சில் இருந்த இர்பான் ஒரு சி.டி. கொடுத்தான். பழைய டி.வி. கேம்களில் வருமே, அந்த மாதிரி இசையைக் கம்ப்யூட்டரில் செய்கிற சி.டி. அந்தக் கால கேமில் ஒரே சமயத்தில் மூன்று, நான்கு சத்தம்தான் வரும். டிங், டொய்ங், புர்ர். அதை வைத்துக்கொண்டே முழுப் பாட்டையும் ஒப்பேற்ற வேண்டும். இருப்பதை வைத்து ஒப்பேற்றியே ஆபீசில் காலம் தள்ளியவருக்கு இந்த வித்தை சட்டென்று பிடிபட்டது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் உலகம் மறந்துவிடும். ஹில்டா உட்பட.

கொழுப்பெடுத்துப் போய் அந்த சி.டி.யை மேத்யூவுக்கும் ஒரு பிரதி போட்டுக் கொடுத்தார். வினை அங்கேதான்.

இந்த வருஷம் கிறிஸ்துமஸ் புரோகிராமுக்கு சர்ச் இளைஞர்கள் ஒரு நாடகம் போடுகிறார்கள். மூன்று ஞானிகள் வீடியோ கேமுக்குள் மாட்டிக்கொள்கிறார்கள். முதல் ஸ்டேஜில் பாலைவனம். இரண்டாவது ஸ்டேஜில் ஏரோது ராஜாவின் சேவகர்கள். எல்லாரையும் தாண்டிக் குதித்தால் பெத்லகேம். இதற்கு, கேரல் ரவுண்ட்ஸ் போகும்போது ஒவ்வொரு வீட்டு கேட்டிலும் கொயர் நின்று பாடுமே ஒரு பாட்டு, அதே பாட்டு வேண்டும், ஆனால் கேம் இசையாக வேண்டும் என்றார்கள். கை தூக்கியவர்கள் இரண்டு பேர். முன்வரிசையிலிருந்து மேத்யூ, பின்வரிசையிலிருந்து டேவிட்சன். புரோகிராம் பொறுப்பு ஹில்டாவிடம். இரண்டில் எது என்று தீர்மானிக்க வேண்டியவளும் அவளே.

டேவிட்சன் வாய் கொப்பளித்துவிட்டு அடுக்களைக்கு வந்தார். ஹில்டா தோசை வார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரூம் எப்பங்க காலியாகும்?"

"கைக்கு?" ஹைதராபாத் உருது ஒட்டிக்கொண்ட அந்த வீட்டில் எதுக்கு என்றால் 'கைக்கு', ஆமா என்றால் 'ஹவ்', வேண்டாம் என்றால் 'நக்கோ'.

"கைக்கா? சாயங்காலம் பிள்ளைங்க கிளாஸுக்கு வருது. போன வாரம் ஒரு புள்ள புளி டப்பா மேல உக்காந்து பாடிச்சு."

"அது ஸ்டுடியோ, ஹில்டா."

"ஸ்டுடியோவா. ஹெட்போன் மாட்டிக்கிட்டுத் தனியா தலையாட்டுறதுக்கு ஒரு ரூம் எதுக்கு? அதை சிட்டி பஸ்ல உக்காந்தும் ஆட்டலாமே."

"சரி. ஒரே பேச்சு. இப்போ ரெண்டு பாட்டையும் உனக்குப் போட்டுக் காட்டறேன். நீயே ஜட்ஜ். உனக்கு என் பாட்டு பிடிச்சா ரூம் எனக்கு. அப்புறம் ஜென்மத்துக்கும் அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது. மேத்யூ பாட்டு பிடிச்சா ரூம் உனக்கு."

ஹில்டா தோசைக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நான் ஜட்ஜா?"

"ஹவ்."

"மேத்யூ பாட்டுதான் நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னா ரூம் எனக்கு. இது தெரிஞ்சே என்னை ஜட்ஜா வைக்கிறீங்க?"

"உன் நேர்மை மேல எனக்கு அவ்வளவு நம்பிக்கை."

"கல்யாணம் ஆனதிலேர்ந்து இப்படி ஒரு பேச்சு நீங்க பேசினதில்லையே. ராத்திரி சரியாத் தூங்கினீங்களா?"

டேவிட்சன் பெருந்தன்மையாகச் சிரித்தார். உள்ளே திட்டம் தோசையோடு சேர்ந்து பொன்னிறமாக வெந்துகொண்டிருந்தது.

திட்டம் இதுதான். முதலில் தன் பாட்டைப் போடுவார். போட்டுவிட்டு, "இது மேத்யூ செஞ்சது" என்பார். அடுத்து, ஆன்ட்டிக்குப் போட்டுக் காட்டச் சொல்லி மேத்யூ அவரிடம் கொடுத்திருந்த பாட்டைப் போடுவார். "இது நான் செஞ்சது" என்பார். ஹில்டா ரூம் ஆசையில், காதைக்கூடத் தீட்டாமல், "மேத்யூவோடதுதான் நல்லா இருக்கு" என்பாள். அந்த நிமிஷமே அவர் எழுந்து நின்று, "பேரை மாத்திச் சொன்னேன் ஹில்டா, நீ பாராட்டினது என் பாட்டை" என்பார். ரூமும் கிடைக்கும், பாராட்டும் கிடைக்கும். இரண்டில் எது பெரிது என்று கேட்டால் அவரால் சொல்ல முடியாது. ஹில்டா வாயால் அவர் இதுவரை ஒரு பாராட்டு வாங்கியதில்லை. வண்டி ஓட்டினால் பிரேக்கைக் குறை சொல்வாள். ஜெபம் பண்ணினால் நீளத்தைக் குறை சொல்வாள். அதனால் எழுந்து நின்று சிரிக்க வேண்டிய சிரிப்பைக்கூட அவர் குளியலறையில் ஒத்திகை பார்த்து வைத்திருந்தார்.

ரூமில் நாற்காலியைத் துடைத்து ஹில்டாவை உட்கார வைத்தார். அவள் ஒரு முறம் நிறைய கோங்குரா என்கிற புளிச்சக்கீரையோடு வந்து உட்கார்ந்தாள். கையும் சும்மா இருக்கக் கூடாது, காதும் சும்மா இருக்கக் கூடாது. டேவிட்சன் ஹெட்போனைப் பிடுங்கிவிட்டு ஸ்பீக்கரைச் சொருகினார்.

"இது மேத்யூ பண்ணினது" என்று சொல்லித் தன் பாட்டைப் போட்டார்.

புர்ர், புர்ர் என்று கீழ்ச் சத்தம் கம்பீரமாகக் கிளம்பியது. டேவிட்சன் கொயரில் பேஸ் என்கிற அடிக்குரல் பாடுகிறவர். பேஸ் இல்லாத பாட்டு அவருக்கு உப்பில்லாத உப்புமா. அதன் மேல் டிங் டிங்கென்று ராகம் ஏறியது. ஞானிகள் குதிக்கும் இடங்களில் டொய்ங். கடைசியில் ஆமென் வரும்போது கேமில் காசு பொறுக்கும் சத்தம் கலகலவென்று கொட்டியது. அந்தக் கலகலவுக்காக அவர் ஒரு வாரம் லீவு போட்டிருந்தார்.

பாட்டின் நடுவில் ஒரே ஒரு இடத்தில் ஹில்டாவின் கை நின்றது. தலையை லேசாகச் சாய்த்தாள். பிறகு குனிந்து கீரையை ஆய ஆரம்பித்தாள். சொக்கிப் போய்விட்டாள் என்று டேவிட்சன் நினைத்துக்கொண்டார்.

"இதையே இன்னொரு தடவை போடுங்க" என்றாள்.

போட்டார். அவருக்கு மனசு நிறைந்துவிட்டது. அப்புறம், "இது நான்" என்று சொல்லி மேத்யூ பாட்டைப் போட்டார்.

நியாயமாகச் சொல்ல வேண்டுமென்றால் மேத்யூவின் பாட்டு சுத்தமான பாட்டு. மூன்று ஸ்வரங்களை அவ்வளவு வேகமாக ஒன்றன்பின் ஒன்றாக உருட்டியிருந்தான், மூன்றும் ஒன்றாக ஒலிக்கிற மாதிரியே இருந்தது. கீழ்ச் சத்தம் இருக்கிற இடம் தெரியாமல் நடந்துகொண்டது. காசு இல்லை, டொய்ங் இல்லை. ஒரு பிசிறு இல்லாமல் ஆரம்பித்து ஒரு பிசிறு இல்லாமல் முடிந்தது. இப்படியெல்லாம் செய்ய முடியும் என்று டேவிட்சனுக்கு யாரும் சொல்லவில்லை.

"தீர்ப்பு சொல்லலாமா?" என்றாள் ஹில்டா.

"தாராளமா. மனசாட்சிப்படி சொல்லு."

"முதல்ல மேத்யூவோடது. பாவம், சின்னப் பையன். ஏங்க, கீழ்ச் சத்தம் எதுக்கு இவ்வளவு? ஞானிகள் ஒட்டகத்துல வந்தாங்களா, தண்ணி லாரியில வந்தாங்களா?"

டேவிட்சனுக்குச் சுருக்கென்றது. "அது பேஸ், ஹில்டா. பாட்டுக்கே அதுதான் அஸ்திவாரம்."

"அஸ்திவாரம் மண்ணுக்குள்ள இருக்கணும். வாசல்ல கிடந்தா தடுக்கித்தான் விழணும். அப்புறம் ஆமென் சொல்ற இடத்துல காசு கொட்டுறான். காணிக்கை எடுக்கிற நேரமா அது?"

"அது கேம் ஸ்டைல். ரொம்ப யோசிச்சுப் பண்ணியிருக்கான்."

"யோசிச்சா பண்ணினான்? யோசிக்காமப் பண்ணினான்னா மன்னிச்சுடலாம்னு நினைச்சேன். நீங்க ஏன் மேத்யூவுக்காக இவ்வளவு பரிஞ்சு பேசறீங்க?"

"இல்ல, நீ மேல சொல்லு."

"உங்க பாட்டைக் கேட்டதும் எனக்கு என்ன தோணிச்சு தெரியுமா? இத்தனை வருஷம் இந்த மனுஷனை நான் தப்பா எடை போட்டுட்டேனேன்னு தோணிச்சு." ஹில்டா முறத்தைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். "அவ்வளவு அடக்கம். எங்கேயும் முண்டிக்கிட்டு வரலை. பேஸைக்கூட அடக்கி வாசிச்சிருக்கீங்க. ஒரு பதட்டம் இல்லை, ஒரு அலட்டல் இல்லை. இதைப் பண்ணின விரலைப் பிடிச்சுக் குலுக்கணும் போல இருக்குங்க."

குலுக்கவும் செய்தாள். டேவிட்சன் கையை நீட்டிக்கொண்டு நின்றார். அவர் வாழ்க்கையின் முதல் பாராட்டு. அது மாடிக்குப் போய்ச் சேர வேண்டிய பாராட்டு. வழியில் அவர் கையில் கொஞ்ச நேரம் தங்கியிருந்தது.

"ரூம் உங்களுக்கே. இனிமே கேக்க மாட்டேன்" என்றாள் ஹில்டா.

இங்கேதான் டேவிட்சன் இரண்டாகப் பிளந்தார். ஒரு பாதி, ரூம் கிடைத்துவிட்டது, வாயை மூடு என்றது. இன்னொரு பாதிக்கு வயிறு எரிந்தது. தண்ணி லாரியாம். காணிக்கைத் தட்டாம். ஆனால் ரயில்வே கணக்கு ஆபீசில் வளர்ந்த பாதி முதல் பாதி. கையில் வந்ததை வாங்கிப் போட்டுக்கொள்ளச் சொன்னது. டேவிட்சன் முதல் பாதி சொன்னதைக் கேட்டார்.

"ரொம்ப தேங்க்ஸ், ஹில்டா."

"எனக்கு எதுக்கு தேங்க்ஸ்? புரோகிராம்ல உங்க பேரைச் சொல்லித்தான் போடப் போறேன். 'இசை, திரு. டேவிட்சன்'னு பாஸ்டரே மைக்ல சொல்லட்டும்."

புரோகிராமுக்கு மேத்யூ வருவான். முன்வரிசையில் உட்காருவான். அவனுக்கும் காது இருக்கிறது.

"நக்கோ ஹில்டா, பேரெல்லாம் எதுக்கு. நமக்கு விளம்பரம் பிடிக்காது."

"எப்பலேர்ந்து? கேரல் ரவுண்ட்ஸ் போட்டோவுல எட்டிப் பாக்கறதுக்காக நீங்க குரோட்டன்ஸ் தொட்டி மேல ஏறினவர்தானே."

"பேசாம மேத்யூ பாட்டையே போட்டுடேன். வளர்ற பையன். ஊக்கம் கொடுக்கணும்." இதைச் சொல்லும்போதே அவருக்கு உறைத்தது. மேத்யூ பாட்டு என்று அவள் போடப் போவது அவருடைய பாட்டை. மேத்யூ எழுந்து, இது என்னுடையது இல்லையே என்பான்.

"ஜட்ஜ் நான். நீங்க சும்மா இருங்க" என்று சொல்லிக்கொண்டே ஹில்டா செல்போனை எடுத்தாள். "மேத்யூ, கொஞ்சம் கீழ வாப்பா. உங்க அங்கிள் ஒரு பாட்டு பண்ணியிருக்காரு. நீ இப்பவே கேக்கணும். உன் பாட்டைவிட எப்படி நல்லா இருக்குன்னு நான் உனக்கு விளக்கமாச் சொல்லணும்."

மாடிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. செருப்புச் சத்தம் படியில் இறங்கியது. டேவிட்சன் ரூமைச் சுற்றிப் பார்த்தார். கரண்ட் போனால் தப்பிக்கலாம். தினமும் போகிற கரண்ட் அன்றைக்குப் போகாமல் உட்கார்ந்துவிட்டது. தனக்கு மாரடைப்பு வந்தால்கூடப் பரவாயில்லை என்று நினைத்தார். ஆனால் அதற்கும் ஹில்டா ஏதாவது குறை சொல்வாள். பையனின் பாட்டைத் திருடியவன் என்று அவன் முகத்துக்கு நேராகப் பேர் வாங்க அவரால் முடியாது. அந்த ஒரு விஷயத்தில் டேவிட்சன் நல்ல மனுஷன்.

"ஹில்டா, சீக்கிரம் கேளு. நான் பேரை மாத்திச் சொன்னேன்."

"எந்தப் பேரை?"

"முதல்ல போட்டது என்னுது. ரெண்டாவதுதான் மேத்யூவோடது."

"அப்படியா?" என்றாள் ஹில்டா. பச்சைக் குழந்தை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டாள். "அப்போ அந்தத் தண்ணி லாரி?"

"நான்தான்."

"காணிக்கை?"

"அதுவும்."

"நான் கை குலுக்கினது?"

"அது மேத்யூவுக்கு."

"அப்போ பந்தயப்படி ரூம்?"

செருப்புச் சத்தம் வராந்தாவுக்கு வந்துவிட்டது. டேவிட்சன் கண்ணை மூடிக்கொண்டார். "எடுத்துக்கோ. உனக்கே."

"என்ன பாட்டு அங்கிள்?" என்று மேத்யூ உள்ளே வந்தான்.

"பாட்டு அப்புறம் கேக்கலாம்ப்பா" என்றாள் ஹில்டா. "நீ அந்தப் பக்கம் பிடி. அங்கிள் இந்தப் பக்கம் பிடிப்பாரு. மேஜையை ஹாலுக்குக் கொண்டு போகணும்."

ஹாலில் ஷோகேசுக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவில் மேஜை வந்து சேர்ந்தது. அங்கே வைத்து மேத்யூ இரண்டு பாட்டையும் கேட்டான். அதற்குள் ஹில்டா டேவிட்சனை முறத்தோடு அடுக்களைக்கு அனுப்பிவிட்டாள். ஹாலில் இரண்டு பேரும் ஏதோ பேசிச் சிரித்தார்கள். கீரையை ஆய்ந்துகொண்டே டேவிட்சன் பல்லைக் கடித்துக்கொண்டார். அவருக்கு அழுகையே வந்துவிட்டது. கோங்குரா புளிப்பு என்று மனசைத் தேற்றிக்கொண்டார்.

சாயங்காலம் பிள்ளைகள் வந்தார்கள். காலி ரூமில் பாய் விரித்து வரிசையாக உட்கார்ந்தார்கள். ஒருத்தரும் புளி டப்பா மேல் உட்காரவில்லை. ஹில்டா கதவருகே நின்றுகொண்டிருந்தாள். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அதைப் பார்த்ததும் டேவிட்சனுக்குக் கோபம் பாதி இறங்கிவிட்டது. மீதிப் பாதியோடு பக்கத்தில் போய் நின்றார்.

"உண்மையைச் சொல்லு. நான் பேரை மாத்தினது உனக்கு முன்னாடியே தெரியும்தானே?"

"ஹவ்."

"எப்படி?"

"அந்தக் கேரல் பாட்டுல மூணாவது வரியில ஒரு நீளமான வார்த்தை வருமே. கொயர் முழுக்க அதை ஒரே மூச்சுல பாடும். நீங்க மட்டும் ஒவ்வொரு வீட்டு கேட்டுலயும் நடுவுல நிறுத்தி மூச்சு வாங்குவீங்க. நானும் திரும்பித் திரும்பி முறைப்பேன். முதல் பாட்டுல கரெக்டா அதே இடத்துல ஒரு நிறுத்தம். ஏங்க, கம்ப்யூட்டருக்கு எதுக்குங்க மூச்சு வாங்குது?"

டேவிட்சன் மனசுக்குள் பாடிப் பார்த்தார். மூன்றாவது வரியில் அவருக்கே தெரியாமல் மூச்சு வாங்கியது.

"சரி, போகட்டும்" என்றார் குரல் இறங்கி. "மேத்யூ அவ்வளவு சுத்தமா பண்ணியிருக்கான். அதையே போட்டுடு."

"அதை எதுக்குப் போடறேன்? புரோகிராம்ல உங்க பாட்டுதான்."

"என்ன சொல்றே?"

"மேத்யூவோடது சுத்தம்தான். ஆனா கேட்டா கேம் ஞாபகம்தான் வருது. உங்களோடதைக் கேட்டா நம்ம கொயரே நடந்து வர்ற மாதிரி இருக்கு. அந்த மூச்சு வாங்குற இடத்துல பிள்ளைங்க நின்னு குதிக்கலாம். மேத்யூவும் அதேதான் சொன்னான். 'அங்கிள் பாட்டுதான் ஆன்ட்டி, ஜீவன் உள்ளதாக்கும்'னு. காசுச் சத்தத்துக்கு அவன் விழுந்து விழுந்து சிரிச்சான்."

இந்தத் தடவை பாராட்டு விலாசம் மாறாமல் நேராக டேவிட்சனிடமே வந்திருந்தது. கொஞ்ச நேரம் அதை அப்படியே வைத்துக்கொண்டு நின்றார். அப்புறம்தான் அவருக்குள் இருந்த கணக்கு ஆபீஸ் விழித்துக்கொண்டது.

"ஹில்டா, அப்போ உனக்குப் பிடிச்சது என் பாட்டு."

"ஆமா."

"அப்போ பந்தயத்துல ஜெயிச்சது நான்."

"காலையில சொன்ன தீர்ப்பை நீங்களே ஒத்துக்கிட்டு ரூமைக் கொடுத்துட்டீங்க. இப்போ வந்திருக்கிறது அப்பீல் தீர்ப்பு. அப்பீலுக்குப் போனது பாட்டு மட்டும்தான், ரூம் போகலை."

"இது அநியாயம்."

"புரோகிராம் முடிஞ்சதும் நிதானமாப் பேசலாம்" என்றாள் ஹில்டா. "இப்போ கதவை வெளியிலேர்ந்து சாத்திட்டுப் போங்க, கிளாஸ் ஆரம்பிக்கணும்."